பம்பாயில் இருக்கும் மகன்

திருத்தங்கல்
20.6.2004

அன்பு மகன் ஞானதுரைக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் கர்த்தருடைய தயவில் சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது?

போன மாதம் சாத்தூர் சித்தியோடு பாளையங்கோட்டைக்கு வந்து மனுப் போட்டு உன்னைப் பார்த்தபோது, கிடைத்த நேரத்தையெல்லாம் அழுதே தீர்த்துவிட்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், சுற்றிலும் சந்தைக் கூச்சல். சொல்ல வந்ததில் ஒன்றையும் சொல்லவில்லை. அதனால் இனி எழுதலாம் என்று இருக்கிறேன். சிறையில் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாமே! படிக்கும் அதிகாரி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல். என் கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

நீ பதில் எழுதும்போது நம் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. உறையில் சிறை முத்திரை இருக்கும். நம் தெருத் தபால்காரர் நம் சபைக்காரர். சித்தி வீட்டுக்கே அனுப்பு. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள்கிறேன். வெடிவிபத்துக்குப் பிறகு சாத்தூரை விட்டு இங்கே குடிவந்ததே ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்றுதானே? அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஒரு விஷயம். கோபப்படாதே. உன் பிறந்த நாளுக்கு வழக்கம்போலக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுத்தேன். நீ உள்ளே இருக்கிறாய் என்பதற்காகப் பிறந்த நாளை விட்டுவிட முடியுமா? வழக்கு முடிகிற வரை நீ எங்களோடு கோயிலுக்கு வந்ததைப் பார்த்திருந்த சபைச் செயலர் கவரை வாங்கிக்கொண்டு, "தம்பி இப்ப எங்கன இருக்காக? கண்ணுலயே காணோமே?" என்று கேட்டார். "பம்பாயில கம்பெனி வேலை" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் அதை அப்படியே கவரில் எழுதிவிட்டார். நம் போதகர் ஐயர், பலிபீடத்துக்கு முன்னால் நின்று, "பம்பாய் பட்டணத்தில் பணி செய்யும் மகன் ஞானதுரைக்காக" என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

அன்றைக்குத் திருவிருந்து ஞாயிறு வேறு. எல்லோரும் அப்பம் வாங்க எழுந்து போகிறார்கள். எனக்குக் கால் வரவில்லை. பொய் சொன்ன வாயை எப்படித் திறப்பது? பக்கத்தில் இருந்த எமிலி, "என்ன மதினி, போகலையா?" என்றாள். "முழங்காலு வலி, முட்டி போட முடியல" என்றேன். ஒரே காலையில் இரண்டு பொய்!

அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. அச்சாபீசுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். தீபாவளி லேபிள் அடிக்கிற சீசன் தொடங்கிவிட்டது, அதனால் பேச நேரம் இல்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
தங்கபுஷ்பம்


மத்திய சிறை, பாளையங்கோட்டை
11.7.2004

பிரியமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குப் பம்பாயில் வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. என்ன கம்பெனி, என்ன உத்தியோகம் என்றும் எழுதிவிட்டால் நானும் அதையே சொல்லிக்கொள்வேன். இப்போதைக்குத் தறிக்கூடத்தில் போர்வை நெய்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. நீங்கள் கொண்டுவந்த சாத்தூர் சேவு அன்றைக்கே காலி.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீங்கள் பொய் சொல்ல நேர்ந்ததே என்னால்தான். சனிக்கிழமை மீந்துபோன மருந்துக் கலவையை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும். கலந்த மருந்தைப் பூட்டி வைத்தால் அது தானாகச் சூடேறும் என்பதைப் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆர்டர் நெருக்கியது. மருந்தை வீணாக்கினால் முதலாளி கத்துவார். "அறையில வச்சுப் பூட்டு, திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்" என்று சொன்னது ஃபோர்மேனாகிய நான். திங்கட்கிழமை காலையில் அந்தப் பூட்டைத் திறந்தவர் சிவபாண்டி. அச்சங்குளத்தில் அவர் மனைவி கருப்பம்மாள் தனியாக இருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் எழுதத் தோன்றுகிறது.

வருகிற ஏப்ரல் கடைசியில் என்னை விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அம்மா, நான் திருத்தங்கலுக்கு வரப்போவதில்லை. வெளியே வந்ததும் பம்பாய்க்கே ரயில் ஏறிவிடுகிறேன். உங்கள் பொய்யும் மெய்யாகிவிடும், அப்பாவுக்கும் தொந்தரவு இல்லை. இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

அன்புடன்,
ஞானதுரை


திருத்தங்கல்
29.8.2004

அன்பு மகனே,

பம்பாய் ரயிலைப் பற்றி இன்னொரு முறை எழுதினாய் என்றால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். உன்னைப் பெற்றது ரயிலில் ஏற்றி விடுவதற்கு இல்லை. நீ வீட்டுக்கு வர வேண்டும். அதுதான் என் ஒரே ஜெபம், வேறு எதையும் நான் இப்போது கேட்பதில்லை.

வந்தால் ஊருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்பாய். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லலாம். பிறகு லீவை நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒரு பொய்யைக் கட்டி மேய்ப்பது இரண்டு எருமை மேய்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

எமிலி சும்மா இருக்கிறாளா? "தம்பி பம்பாயிலதான இருக்காக, ஒரு சேலை அனுப்பச் சொல்லுங்க மதினி, அங்கன நல்லா இருக்குமாம்" என்று கேட்டுவிட்டாள். மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒன்று வாங்கி, கடைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய செய்தித்தாளில் சுற்றி, "தம்பி அனுப்புனது" என்று கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உனக்காகத் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

முழங்கால் வலியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. திருவிருந்து வருகிற ஞாயிறெல்லாம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் எமிலி ஏதோ தைலம் காய்ச்சிக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட்டாள். வலியில்லாத காலுக்கு அவள் வியர்வை சிந்துகிறாள்! "இப்ப எப்படி இருக்கு மதினி?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அப்பா நேற்று உன் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்று அடித்து வைத்தார். ஏன் என்று கேட்டதற்குத் துரு ஏறுகிறது என்றார். அவ்வளவுதான் செய்தி.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்


மத்திய சிறை, பாளையங்கோட்டை
20.12.2004

பிரியமுள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

நான் நலம். முன்பு மாதிரி இப்போது எழுத வருவதில்லை, மன்னியுங்கள். சனிக்கிழமை இங்கே கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்தது. வெளியிலிருந்து ஒரு சபையார் வந்து பாட்டுப் பாடினார்கள். ஆளுக்கு ஒரு கேக்கும் துண்டும் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. வேறு விசேஷம் இல்லை.

ஞானதுரை


திருத்தங்கல்
16.1.2005

அன்பு மகனே,

புது வருஷ ஆசீர்வாதம். சுனாமிச் செய்தி கேட்டதிலிருந்து இங்கே யாருக்கும் மனசே சரியில்லை. சபையில் துணிமணி சேர்த்து அனுப்பினோம். நானும் அப்பாவின் வேட்டிகளில் நல்லதாக எடுத்துக் கொடுத்தேன். அவர் தேடிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடாதே.

எனக்கு நம் ஐயர் மேல் வருத்தம். ஐம்பது வயதுதான் இருக்கும், அதற்குள் இவ்வளவு மறதியா? புது வருஷக் காணிக்கைக் கவரில் நானே என் கையால் பம்பாய் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஜெபத்தில், "தூரத்தில் இருக்கும் நம்முடைய பிள்ளை ஞானதுரைக்காக" என்று மட்டும் சொன்னார். பம்பாயைக் காணோம். டிசம்பர் கடைசி ஞாயிறும் இப்படித்தான் விட்டுவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டேன். "ஐயரே, பம்பாயை விட்டுட்டீகளே?" என்று கேட்டேன். "ஆண்டவருக்கு விலாசம் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பொய்தான் என்றாலும் நான் எழுதிக் கொடுத்த பொய்யை ஒழுங்காகப் படிக்க வேண்டாமா?

அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. அன்றைக்குத் திருவிருந்தில் எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, அப்பத் தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஐயர் பலிபீடப் படி இறங்கி வந்தார். நடக்க முடியாதவர்களுக்கு அப்படிக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்தான். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் முன்னால் இருக்கிறார், அவருக்குக் கொடுத்தார். திரும்பிவிடுவார் என்று பார்த்தால் நேராக என் பெஞ்சுக்கு வந்து நின்றார். நான் பதறி எழப்போனேன். "எந்திரிக்க வேண்டாம்மா, இருங்க" என்றார். சபையே பார்க்கிறது. கையை நீட்டினேன், வைத்தார். வாங்கி விழுங்கிவிட்டேன். நல்ல காலை வைத்துக்கொண்டு நொண்டியின் பங்கை வாங்கிச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. இனி அவர் ஒவ்வொரு மாதமும் இப்படி வருவார் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. முழங்கால் சரியாகிவிட்டது என்று சொல்லலாமா, நீயே சொல்.

எமிலி இந்த முறை பாம்பே அல்வா கேட்கிறாள். நீ லீவில் வரும்போது கொண்டுவர வேண்டுமாம்.

அம்மா


மத்திய சிறை, பாளையங்கோட்டை
6.2.2005

பிரியமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மறைத்து வைக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்து பாடிய சபை நம் சபைதான். பாடகர் குழுவில் முதலில் நான் பார்த்தது எமிலி அத்தையின் கணவர் சாலமோன் மாமாவை. கடைசி வரிசைக்கு நகர்ந்து ஒரு தடியான ஆளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் கேக் வாங்க எல்லோரும் வரிசையில் போய்த்தான் ஆக வேண்டும், வார்டர் விடவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தது நம் ஐயர். என் கையில் கேக்கை வைத்தவர் கையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதுவும் கேட்க மாட்டாரா, திட்ட மாட்டாரா என்று நின்றேன். "ஞானதுரை, குளிருக்குப் போர்வை இருக்காலே?" என்றார். "இருக்கு ஐயரே" என்றேன். நாள் முழுக்கப் போர்வை நெய்கிறவனிடம் கேட்கிறாரே என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் நின்ற சாலமோன் மாமா தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

அதனால், அம்மா, ஐயருக்கு மறதி இல்லை. பலிபீடத்தில் நின்று பொய் சொல்ல அவரால் முடியவில்லை, உங்களைக் காட்டிக் கொடுக்கவும் மனம் இல்லை. எல்லாம் தெரிந்துதான் உங்கள் பெஞ்சுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

உங்களுக்கு இதைச் சொல்வது ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். எனக்கு அது ஆறுதல் இல்லை. தெரிந்ததை அவர்கள் மன்னிக்கிறார்கள். தெரியாத ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் கோர்ட்டுக்கு வராதது நல்லதாகப் போயிற்று. மருந்தைப் பூட்டி வைத்தது யார் என்று கேட்டபோது, வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி, "சிவபாண்டிதான் எனக்குத் தெரியாம வச்சிட்டாரு" என்று கூண்டில் நின்று சொன்னேன். உண்மையில் அவர், "அழிச்சிருவோம் தம்பி, வம்பு வேண்டாம்" என்றுதான் சொன்னார். நீதிபதி என்னை நம்பவில்லை. அச்சங்குளம் நம்பிவிட்டது. தன் கவனக்குறைவால் செத்தான் என்று ஊரே பேசுகிறதாம். கருப்பம்மாள் அக்கா அன்றைக்குக் கோர்ட்டில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சபை மன்னிக்கலாம். அவர்களுக்கு என்ன போயிற்று? பறிகொடுத்தவர் அங்கே இருக்கிறார். நான் பம்பாய்க்குப் போவதுதான் சரி.

ஞானதுரை


திருத்தங்கல்
27.2.2005

மகனே,

உன் கடிதத்தைச் சித்தி வீட்டு அடுக்களையில் நின்றபடி படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய், கேட்கவில்லை.  முதலில் வந்தது வெட்கம், அடுத்தது கோபம். எல்லோரும் தெரிந்துகொண்டே என்னைப் பொம்மலாட்டம் ஆடவிட்டு வேடிக்கை பார்த்தார்களா? பஸ் இறங்கி நம் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக எமிலி வீட்டுக்குப் போனேன்.

"தெரிஞ்சுக்கிட்டேவா எங்கிட்ட அல்வா கேட்டீக?" என்று கத்தினேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "கேக்காம நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருமே மதினி" என்றாள். பிறகுதான் சுளகைக் கீழே வைத்தாள். "அவுக ஜெயிலுக்குப் போயிட்டு வந்து சொன்ன அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சாப்பிடல. ஒங்க வாயால வாறப்ப வரட்டும்னு இருந்தோம்." அதற்குமேல் எனக்குக் கத்தத் தெம்பில்லை. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சேலை மதுரையிலதான வாங்குனீக? ஓரத்துல கடை முத்திரை இருந்துச்சு" என்றாள். இவளை என்ன செய்வது!

ஐயரையும் பார்த்தேன். "காலுல வலி இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் இறங்கி வந்தீக?" என்று கேட்டேன். "நீங்க வரலை. அதான் நான் வந்தேன்" என்றார். "பொய் சொன்ன கையில எப்படி வச்சீக?" என்றேன். "வேற எந்தக் கையில வைக்க? என் கையும் அப்படித்தான இருக்கு" என்றார். பெரிதாக ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. ஐயரம்மா காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிருபை கிருபை என்று வசனம் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அது என் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்து நின்றபோது, மறதிக்கார ஐயர் என்று திட்டினேன் பார்.

இப்போது நீ கோர்ட்டில் சொன்னதுக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் கோபம். செத்தவரால் திரும்பப் பேச முடியாது என்று தெரிந்தே பேசினாய். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்தக் கருப்பம்மாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நீ என் மகன். அதில் மாற்றம் இல்லை. இதை இரண்டையும் நான் சேர்த்தே எழுதுகிறேன், நீயும் சேர்த்தே படி.

அம்மா


திருத்தங்கல்
7.3.2005

அன்பு மகன் ஞானதுரைக்கு,

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காணிக்கைக் கவரில், "பாளையங்கோட்டை சிறையில் இருக்கும் எங்கள் மகன் ஞானதுரை விடுதலையாகி வீட்டுக்கு வருவதற்காக" என்று எழுதி ஐயர் கையில் கொடுத்தேன். "எழுதியிருக்கிற மாதிரியே வாசிக்கட்டுமாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். வாசியுங்கள் என்றேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயிலுக்கே வரமாட்டார் என்று பயம்.

வாசித்தார். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மற்றக் காணிக்கைகளுக்கு இல்லாவிட்டாலும், இப்படி விண்ணப்பக் காணிக்கை கொடுத்தால் நம் வழக்கப்படி அந்தக் குடும்பம் முன்னால் போய் முழங்கால் போட வேண்டும் அல்லவா? நான் எழுந்து நடந்தேன். பெண்கள் பக்கமெல்லாம் என் முதுகைப் பார்க்கிறது தெரிந்தது. முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஐயர் ஜெபத்தைத் தொடங்கவில்லை. ஏன் தாமதம் என்று கண்ணைத் திறந்து பார்த்தால், ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு ஐயர் ஜெபித்தார். எழுந்து திரும்பாமல் அங்கேயே இருந்து அப்பம் வாங்கினேன்.

எல்லோரும் அணைத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். சிலர் பேசாமல் போனார்கள். கமிட்டியில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் வாசலில் நின்று, "இங்கன நாம ஆமென் சொல்லிட்டா முடிஞ்சு போச்சா? புருசனப் பறிகொடுத்தவளுக்கு யாரு பதில் சொல்லுறது?" என்று கேட்டார். நீ எழுதினதையேதான் அவரும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இனி நீ நம் வீட்டு விலாசத்துக்கே எழுதலாம். பம்பாய்க்குப் போகிறாயா, வீட்டுக்கு வருகிறாயா என்பதை நீ முடிவு செய். இனி நான் கெஞ்ச மாட்டேன். கதவு திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அம்மா, தங்கபுஷ்பம்


மத்திய சிறை, பாளையங்கோட்டை
10.4.2005

பிரியமுள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார். தனியாக. உங்களிடம் சொன்னாரா தெரியாது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்பிட்டியாலே?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கம்மைக்கு முழங்கால் நல்லாயிட்டு" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நேரம் முடிந்து மணி அடித்ததும் வலைக்குள் விரலை நுழைத்து என் விரலைத் தொட்டார்.

இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை விடுகிறார்கள். யாரும் வாசலுக்கு வர வேண்டாம். நான் பம்பாய்க்குப் போகவில்லை. ஆனால் நேராக வீட்டுக்கும் வரவில்லை. அச்சங்குளம் போகிறேன்.

கருப்பம்மாள் அக்கா மன்னித்தால்தான் நான் மனிதர் முகத்தில் விழிக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த மன்னிப்பு வராது என்பதால் ஓடிப்போக நினைத்தேன். நீங்கள் முன்னால் நடந்து போனதைப் படித்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. நீங்களும் சபையாரும் எனக்கு ஏற்கெனவே ஒரு இடம் கொடுத்துவிட்டீர்கள், நான் கேட்காமலே. இனி அந்த அக்கா என்னை அடித்தாலும் நான் தாங்குவேன் என்று நினைக்கிறேன். அவரிடம் எதையும் வாங்கப் போகவில்லை. அவர் வீட்டுக்காரர் பெயரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஞானதுரை


சித்தி வீடு, சாத்தூர்
29.4.2005

அன்புள்ள அம்மா, அப்பா,

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதிச் சித்தி கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை அவர் வருவார்.

நேற்று மத்தியானம் அச்சங்குளம் போனேன். கருப்பம்மாள் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும். கோர்ட்டுல பாத்தேன். என்ன வேணும்?" என்றார். கை நிற்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாங்க்கா. மருந்தப் பூட்டி வைக்கச் சொன்னது நான்தான். அவுக அழிச்சிருவோம்னுதான் சொன்னாக. கோர்ட்டுல நான் சொன்னது பொய்" என்றேன்.

கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவுக வைக்கலையா?" என்றார். இல்லை என்றேன். "அவுக வைக்கலையா?" என்று மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகு எழுந்து தெருவில் நின்று, "ஏ சோலையம்மா! எல்லாரும் இங்கன வாங்க! இவன் என்ன சொல்லுறான்னு கேளுங்க!" என்று கத்தினார். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "இப்பச் சொல்லு" என்றார். சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன். ஒரு ஆள் என் சட்டையைப் பிடித்தார். "விடு, அவன் மேல கை வைக்காத. அவுக பேரச் சொல்லுறதுக்கு அந்த வாயி வேணும்" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். செத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது, அம்மா. தன் புருசன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் அழாமல் இருந்திருக்கிறார்.

கூட்டம் கலைகிறவரை நான் அங்கேயே நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"கேக்கலக்கா" என்றேன்.

"இங்கேருந்து எங்க போற?"

பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆத்தா இருக்காகளா?"

"இருக்காக."

"அப்ப என்ன இங்கன நிக்க? வீட்டுக்குப் போ. தேடிக்கிட்டு இருப்பாக."

சாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னது, புருசனைப் பறிகொடுத்த அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் மகன்,
ஞானதுரை